கடிபட்ட நகம் கேட்ட உதவி

பார்லர் மேசை மேல ஜெல் பாட்டிலுக்கும் அக்ரிலிக் பவுடர் டப்பாவுக்கும் ஒரே சண்டை. எதை எடுக்கலாம்னு நெயில் ஆர்ட் போடுற எஸ்தர் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்குறா. முன்னாடி நீட்டியிருக்கிறது தமயந்தியோட கை. கட்டைவிரல் நகம் பாதிதான் மிச்சம்.

"கண்ணு, நான் பூ மாதிரி வளைஞ்சு குடுப்பேன். பளபளன்னு ஆயிருவ!"ன்னு குழைஞ்சுது ஜெல்.

"போடா ஜவ்வுமிட்டாயி!"ன்னு கனைச்சுது அக்ரிலிக். "நான் நாறுவேன்தான். ஆனா ஒட்டுனா பாறை!"

நகம் கதறுச்சு. "அண்ணன்மாரே, அழகெல்லாம் அப்புறம்! மாமியார் திட்டுனா இவ பதில் பேசாம என்னைக் கடிச்சுத் திங்கிறா. உசுரக் காப்பாத்துங்க!"

பல்லுத் தடத்தைப் பாத்த எஸ்தர் சிரிச்சுக்கிட்டே அக்ரிலிக்கை எடுத்தா. ஜெல்லு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

பத்து விரல் நகத்து மேலயும் அக்ரிலிக்ல கெட்டியா செயற்கை நகம் போட்டு முடிக்கவும் தமயந்தியோட போன் அடிச்சுது. மாமியார்தான்.

"ஏன்டி, ரசமா இது? கழனித் தண்ணி!"

தமயந்தி கட்டைவிரலைக் கடிச்சா. டொக்! ஆள்காட்டி விரலைக் கடிச்சா. டொக்! பல்லுதான் கூசுச்சு. விரலை வெளிய எடுத்தா.

"அத்தே, நான் காலையிலேர்ந்து பார்லர்ல இருக்கேன். ரசம் வெச்சது உங்க புள்ள."