பதினாறு வயதுக் கார்ட்

"இதிலை என்ன பகிடி கிடக்கெண்டு ஒருக்கால் சொல்லும், பிள்ளை" என்று பஸ்ரியன் அந்தப் பிறந்தநாள் கார்டைக் கவுண்டரில் வைத்தார்.

மெலனி வாசித்துவிட்டு நெளிந்தாள். பள்ளிக்கூடம் விட்டபிறகு ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் அந்தக் கார்ட் கடையில் வேலைசெய்கிற பிள்ளை. இரண்டு குடும்பமும் ஒரே கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள் வேறு. "சோ ஸ்ரூபிட், அங்கிள். இது பெட்டையளைக் கொஞ்சிற கதை" என்று கார்டை மறுபக்கம் திருப்பி வைத்தாள்.

இதோடு மூன்று. முதல் கார்டில் ஒரு நாய் பியர் குடித்துவிட்டு விழுந்து கிடந்தது. இரண்டாவதில் ஒரு கிழவன் காற்சட்டையை இறக்கிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். வளர்ந்த பிள்ளைகளைச் சிரிக்கவைக்க இந்த நாட்டுக்காரருக்கு இவ்வளவுதான் தெரியுமாக்கும் என்று பஸ்ரியனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் மாதா படத்துக்குக் கீழே நிற்கப்போகிற கார்ட். பகிடியும் வேண்டும், மரியாதையாகவும் இருக்கவேண்டும்.

எப்படியாவது இன்றைக்குக் கிளிபோட்டைச் சிரிக்கவைத்துவிடுவது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். பெடியன் ரொறன்ரோவுக்கு வந்து நாலு வருடம். வீட்டில் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்ததில்லை. சொன்ன வேலையைச் செய்வான், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பான், என்ன கேட்டாலும் ஓம் அப்பா என்பான். வீட்டுக்கு வந்த விருந்தாளிகூட இப்படி அடங்கி ஒடுங்கி இருக்கமாட்டான். போன வருடம் கொடுத்த பூப்போட்ட கார்டைத் தாங்க்ஸ் சொல்லி வாங்கி மேசையில் வைத்தவன், அதற்குப் பிறகு தொட்டும் பார்க்கவில்லை. பூவைப் பார்த்து ஆர்தான் சிரிப்பான், பிழை என்னில்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ்ரியன் இந்தமுறை பகிடிக் கார்ட் தேடி வந்திருந்தார். அதற்காகவே தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றியிருந்தார்.

கிளிபோட் தன் தம்பியின் வகுப்புத்தான் என்றும், அங்கேயும் அவன் சிரிக்கிறதில்லை என்றும் மெலனி சொன்னாள். வகுப்பில் அவன்தான் ஆளும் சின்னன். "ரீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ரெண்டாந்தரம்தான் திரும்பிப் பாப்பானாம், அங்கிள்."

"அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றார் பஸ்ரியன் சட்டென்று.

கடைசியில் நல்லதாக ஒன்று அகப்பட்டது. படத்தில் ஒரு பெடியன் கார் ஓடி வருகிறான். ரோட்டோரத்து மரமெல்லாம் பயந்துபோய் வேரைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. உள்ளே எழுதியிருந்ததை மெலனி சொன்னாள்: உனக்குப் பதினாறு வயது, இன்றிலிருந்து நீ கார் ஓடப் பழகலாம், இன்றிலிருந்து நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிடமாட்டோம்.

பஸ்ரியன் போட்ட சிரிப்பில் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் அந்த மரங்களை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

வீட்டில் கேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. மனைவி வேரோனிக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செபமாலையோடு படுத்திருந்தாள். வருடாவருடம் இந்தத் திகதியில் அவளுக்குத் தலையிடி வந்துவிடும். இண்டைக்கு என்னை ஒண்டும் கேளாதையுங்கோ என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். பிள்ளை பெற்ற நாளில் தாய் இப்படிக் கதவைச் சாத்தினால் பெடியன் என்ன நினைப்பான் என்று பஸ்ரியன் உள்ளுக்குள் பொருமினார்.

கிளிபோட் குசினி மேசையில் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு இருந்தான். பஸ்ரியன் கார்டை நீட்டிவிட்டு, குளிருக்குப் போட்ட ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் எதிர்க் கதிரையில் இருந்து அவன் வாயையே பார்த்தார்.

அவன் உறையைக் கிழிக்காமல் பக்குவமாகப் பிரித்தான். படத்தைப் பார்த்தான். உள்ளே வாசித்தான். உதட்டோரம் ஒருக்கால் அசைந்தமாதிரி இருந்தது. அதற்குமேல் பஸ்ரியனுக்குப் பொறுக்கவில்லை, தானே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"பகிடி விளங்குதே? நீ வாறாய் எண்டு மரமெல்லாம் ஓடுது. பனி முடியட்டும், லைசென்ஸுக்குப் பதிவம், என்ன?"

பெடியன் சிரிக்கவில்லை. கார்டை மூடித் திரும்ப உறைக்குள் வைத்தான். சாத்தியிருந்த அறைக்கதவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கிளிபோட் அண்ணா உயிரோடை இருந்திருந்தால் இதுக்குச் சிரிச்சிருப்பார், பெரியப்பா. அவரின்ரை பேருக்கு வந்த விசாவிலை பிளேன் ஏறின எனக்கு இப்ப பதினாலுதான் நடக்குது."

நாலு வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்லாத கதை. பஸ்ரியன் கார்ட் உறையைத் தன் பக்கம் இழுத்தார். அதற்கென்ன அலெக்ஸாண்டர், உன்ரை பிறந்தநாளுக்கும் ஒரு பகிடிக் கார்ட் வாங்குவம் என்று அவனுடைய சொந்தப் பேரைச் சொல்லி எப்படியோ முடித்தார்.

அப்போதுதான் பெடியன் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தான்.

"எத்தினையாம் திகதி எண்டு சொல்லுங்கோ பாப்பம், பெரியப்பா?"

பஸ்ரியனுக்குத் தெரியவில்லை.