வீரகத்தியருக்கு மார்பு நோ

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? பொம்பிளையளின்ர கிளினிக்கில போய்க் குந்தப் போறியளோ?"

அருந்ததி போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகூட ஒருக்காத் திரும்பிப் பார்த்தது. வீரகத்தியர் மட்டும் அசையவில்லை. கையில் ஆஸ்பத்திரித் துண்டு.

விசயம் இதுதான். வயலுக்கு மருந்தடித்ததில் தோளிலிருந்து நெஞ்சுவரை தசை பிடித்துப்போட்டுது என்று திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீரகத்தியர். போன மனிசன் ஒரு மருந்துக் குளிசைகூட இல்லாமல், இங்கிலீசில் எழுதின ஒரு துண்டோடு வந்து நின்றார். புதன்கிழமை கிளினிக்குக்கு வரட்டாம்.

வீட்டில் இரண்டு பேருக்கும் இங்கிலீசு ஓடாது. பக்கத்து வீட்டுக் கிருசாந்தியைக் கூப்பிட்டார்கள். உயர்தரத்தில் பயோ படிக்கிறவள். ஜெயபுரத்தில் ஆருக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் டொக்டருக்கு முதல் அவள் சொல்லுவாள்.

"துண்டை விடுங்கோ மாமா, வாசிப்பம்."

"நான் பிடிச்சிருக்கிறன், நீ வாசி" என்று துண்டின் மேல்பக்கத்தைப் பெருவிரலால் அமத்தியபடி நீட்டினார் வீரகத்தியர்.

வாசித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா, தசை நோ எண்டா மயால்ஜியா. இதில மாஸ்டால்ஜியா எண்டெல்லோ கிடக்கு!"

"அப்பிடியெண்டா?"

"மார்பு நோ! அதுவும் சுகவனிதையர் கிளினிக்காம். பொம்பிளையளைப் பாக்கிற இடம் மாமா!"

அருந்ததியும் சிரிக்கத் தொடங்கினவள்தான். 'மார்பு நோ' என்ற சொல் காதில் ஏறியதும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

உண்மையில் அந்த நோ அவளுக்குத்தான் இருந்தது. இடப்பக்கம், நாலு மாசமாய். வீரகத்தியர் கேட்டால் "தசைப்பிடிப்பு" என்பாள். குசினிக் கதவைச் சாத்திவிட்டுத் தைலம் பூசுவாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆம்பிளை டொக்டரிடம் வாய்திறந்து என்னவென்று சொல்கிறது? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. கட்டி கிட்டி என்று சொல்லிப்போட்டால்?

அதை உள்ளே அமுக்கிக்கொண்டு மனிசனில் பாய்ந்தாள். "போய் அந்தச் சொல்லை மாத்திக்கொண்டு வாங்கோ."

"படிச்ச மனிசன் எழுதினா எழுதினதுதான். புதன்கிழமை நான் போறன்."

"ஊர் சிரிக்குமப்பா!"

"சிரிக்கட்டும். என்ர மார்பு, என்ர நோ."

"அப்ப நானும் வாறன். ஒரு சொல்லை ஒழுங்கா எழுதத் தெரியாத அந்த டொக்டரை நாலு கேள்வி கேக்காமல் விடமாட்டன்."

எங்கே வெளிக்கிட்டாலும் "நீ ஏன்?" என்று கேட்கிற மனிசன், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. போய் மோட்டார் சைக்கிளின் பின் சீற்றைத் துடைத்து வைத்தார்.

புதன்கிழமை. கிளினிக் வாங்கிலில் வரிசையாகப் பெண்கள் குந்தியிருந்தார்கள். நடுவில் வெள்ளை வேட்டியும் முறுக்கு மீசையுமாக வீரகத்தியர்.

பக்கத்தில் இருந்த பிள்ளை மெல்லக் கேட்டாள். "ஐயா, அம்மாவைக் காட்ட வந்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை, எனக்குத்தான். மார்பு நோ."

வாங்கிலே குலுங்கியது. ஒருத்தி சிரிப்பை அடக்க ஏலாமல் எழும்பி வெளியே ஓடினாள்.

அருந்ததிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வயல் கூட்டத்தில் எழும்பினால் நாலு பேர் வாய்மூடிக் கேட்கிற மனிசன், இஞ்ச இப்பிடிச் சிரிபட்டுக்கொண்டு இருக்கிறாரே என்று அழுகையே வந்துவிட்டது. துண்டைப் பறித்துக்கொண்டு நேர்ஸின் மேசைக்குப் போனாள்.

"தங்கச்சி, டொக்டர் பிழை விட்டிட்டார். இவருக்குத் தசை நோ. இதை வெட்டிப்போட்டு மற்றச் சொல்லை எழுதித் தாங்கோ. மனிசன் மானங்கெட்டுப் போகுது."

நேர்ஸ் துண்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இதில ஒரு பிழையும் இல்லையே அம்மா. ஆர் அருந்ததி?"

"நான்தான். ஏன்?"

"மேல உங்கட பேரெல்லோ கிடக்கு. பின்பக்கத்தில 'இடப்பக்கம், நாலு மாசம், வரப் பயப்பிடுறா, கட்டாயம் பாக்கவும்' எண்டு எழுதியிருக்கு. வாங்கோ, இண்டைக்கு லேடி டொக்டர்தான்."

அருந்ததி திரும்பினாள். வீரகத்தியர் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்கட தசை நோ?"

"எனக்கொரு நோவும் இல்லை. நேற்றும் ரெண்டு மூட்டை உரம் தூக்கினனான். நீயெல்லோ இடப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி மூண்டு போத்தில் தைலம் முடிச்சிருக்கிறாய். வா எண்டு நேர கூப்பிட்டா வந்திருப்பியோ?"

"கள்ள மனிசன்!" என்றாள் அருந்ததி. கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அழாமல் உள்ள போ" என்றார் வீரகத்தியர், குரலைத் தாழ்த்தி. "கெதியா வந்திடு. நீ வருமட்டும் இஞ்ச நான்தான் மார்பு நோக்காரன்."