லோசே அத்தையின் விருப்பம்

காலை வானொலியில் தங்கை லூபேயின் முதல் காதல் பாட்டு தொடங்கியதும், விலியாமி கிழங்குத் தட்டோடு எழுந்து வெளியே போனான்.

“என் பாட்டு வந்தாலே ஓடிடறான். அவனுக்குப் பிடிக்கலம்மா,” என்றாள் லூபே.

“அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா உக்காந்து காதல் பாட்டு கேக்கறது நம்ம டோங்காவுல உண்டாடி?”

“நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?”

சனிக்கிழமை அந்தப் பாட்டு முதலிடம் பிடித்தது. வானொலி நிலையத்துக்கு லூபேயை அழைத்திருந்தார்கள்.

“தினமும் மொத போன் லோசே அத்தையோடதுதான். உன் பாட்டைத்தான் கேப்பாங்க,” என்றார் அறிவிப்பாளர். போன் அடித்தது. “பாரு, அவங்களேதான்!”

ஒலிபெருக்கியில் கீச்சுக்குரல் கேட்டது. “தம்பி, அந்தத் தங்கமான பொண்ணோட பாட்டைப் போடுப்பா.”

அதற்குப் பின்னால் அம்மாவின் குரல்: “விலியாமி, தொண்டைக்கு என்னடா ஆச்சு?”

லூபே ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இப்பவே போடறோம், அத்தை!”