அடிபம்பிலிருந்து வலப்பக்கம்

நகரைச் சுற்றிக்காட்டும் பேருந்து ஏழாவதாக நின்ற இடம் ஆற்றங்கரைப் பூங்கா. "முன்னாடி இது வெறும் குப்பைமேடுங்க. மனுஷங்க கால் வைக்க முடியாது" என்று கைடு மைக்கில் சொன்னான். கடைசி இருக்கையில் பவுனம்மாள் இருந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் இதே கரையிலிருந்து லாரியில் ஏற்றப்பட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் கொண்டுபோய் விடப்பட்டவள் அவள். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். சனங்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக மஞ்சள் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்த பழைய அடிபம்பின் கைப்பிடியை, இறங்கியதும் நேராகப் போய்ப் பிடித்தாள். நாலு தரம் அடித்தும் தண்ணீர் வரவில்லை. அங்கிருந்து வலப்பக்கம், இடுப்பில் குடம் இருப்பதுபோலவே ஒருபக்கம் சாய்ந்து, பதினேழு தப்படி நடந்தாள். புல்தரையில் நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். தாழ்ந்த வாசலில் நுழைகிறவளைப்போலத் தலையைக் குனிந்து ஓர் எட்டு வைத்து, சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஹாரன் அடித்தது. பேருந்தில் தலைகளை எண்ணிய கைடு, ஒன்று குறையவே புல்லை மிதித்துக்கொண்டு ஓடிவந்தான். "ஏம்மா, உனக்கோசரம் நாப்பது பேர் காத்துக் கெடக்கணுமா? புல்லு மேல உக்காரக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்குல்ல? எழுந்திரு!" பவுனம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தாள். "இன்னாடா, கட்டின வூட்டுக்குள்ள ஷூவோட வந்து நிக்கிற? வெளிய போ." அவன் திரும்பினான். வந்த வழியே போகும்போது, சரியாக அந்தச் செருப்புக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டான்.