சீல் வைத்த பெட்டி

அந்தக் கோடையில் வேலூரில் வனத்துறை ஆபீஸிலிருந்து வீட்டுக்கு ஒரு ஜோடி சிட்டுக்குருவிதான் கொடுத்தார்கள். கூடவே சீல் வைத்த தகரக் கூட்டுப்பெட்டி ஒன்று. சீலை உடைத்தால் அந்த வீட்டுக்கு இனி குருவி கிடையாது.

மெஹருன்னிசாவின் பால்கனிப் பெட்டியில் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. நண்பகலில் பெட்டிக்குள் வெப்பம் நாற்பத்து நான்கு டிகிரி என்று, பெட்டியின் சென்சாரோடு இணைத்திருந்த போன் காட்டியது. குஞ்சுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"திறக்காத. ஆபீஸ்லேர்ந்து ஆள் வரட்டும்," என்றார் கணவர் இம்தியாஸ்.

"அவங்க வர்றதுக்குள்ள வெந்துரும்ங்க."

அவள் பெட்டியின் சீலை அறுத்தாள். சீல் உடைந்தது என்று போன் அலறியது. காற்றுத்துளை போட்டுத் தானே செய்துவைத்திருந்த மரப்பெட்டிக்குள் கூட்டோடு குஞ்சுகளை மாற்றி, நிழல் விழும் சுவரில் மாட்டினாள். தாய்க்குருவி பழைய இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் நின்றார்கள். அரைமணி கழித்து அது புழுவோடு மரப்பெட்டிக்குள் நுழைந்தது.

மூன்று மணிக்கு இளம் அதிகாரி ஒருத்தி நோட்டீஸோடு வந்தாள். அறுந்த சீலைப் பார்த்தாள். மரப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காத்து ஓட்டை எவ்வளவு பெருசா வெச்சீங்க?"

"ஒண்ணேகால் அங்குலம்."

கொண்டுவந்த நோட்டீஸின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல நாலு குஞ்சும் நேத்து செத்துப்போச்சு," என்றாள்.