கார்டியன் கையெழுத்து

"சபீனா, தூங்கிட்டியா? ஒரு தப்பு பண்ணிட்டேன்டி."

போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத்தான் போன்ல பேசினேன். பக்கத்துல அம்மா படுத்திருந்தாங்க.

"மணி பன்னெண்டு கலைமதி. என்ன, எவனையாவது லவ் பண்றியா?"

"ச்சீ. ஐ.டி.ஐ. ஃபார்ம்ல கார்டியன் கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருந்துச்சுல்ல? அதுல நானே போட்டுட்டேன்."

"அடிப்பாவி, ஏன்டி?"

"அப்பாதான் இல்லையே. மாமாகிட்ட கேட்டா, இப்ப படிப்பு ஒரு கேடா, ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கலாம்லன்னாரு. கட்டம் காலியா இருந்தா ஃபார்மைத் திருப்பிடுவாங்கன்னு ஜெராக்ஸ் கடைக்காரர் வேற சொன்னாரு. பயத்துல போட்டுட்டேன். போன் நம்பரும் என்னோடதுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஃபார்மைக் கிழிச்சிருப்பாங்க. சாயங்காலம் பிரின்சிபால் மேடம் போன் பண்ணாங்கடி. நாளைக்குக் கார்டியன் நேர்ல வரணுமாம்."

"போச்சு. உண்மையைச் சொல்லிடு, வேற வழியில்லை."

"போலிக் கையெழுத்துக்கு ஜெயில்னு யூடியூப்ல போட்டிருக்கான்."

"உன்னை ஜெயில்ல போட்டா அங்க உள்ளவங்கதான் பாவம்."

எனக்குச் சிரிப்பு வரலை. மலைக்கோட்டையில அம்மா வேலை பார்த்த ஜவுளிக்கடை மூடி எட்டு மாசம் ஆச்சு. கவர்மெண்ட் உதவித்தொகையும் பஸ் பாஸும் குடுக்குதுன்னுதான் ஐ.டி.ஐ.க்கே போட்டது. சீட் போச்சுன்னா மறுபடி படிக்க யாரு விடுவா?

காலையில நானும் அம்மாவும் ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறினோம். மன்னார்புரம் வந்தப்பதான் சொன்னேன். அம்மா திட்டலை. என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க.

ஐ.டி.ஐ.ல பிரின்சிபால் மேடம் ஃபார்மை எடுத்து மேசை மேல வெச்சாங்க. "இதுல கையெழுத்துப் போட்ட கார்டியன் யாரு?"

"நான்தான் போட்டேன் மேடம். என்னை என்ன வேணா பண்ணுங்க. சீட்டை மட்டும் எடுத்துடாதீங்க."

அம்மா தலையைக் குனிஞ்சு நின்னாங்க.

மேடம் ஃபார்மைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு அம்மா பக்கம் திரும்பினாங்க.

"முப்பத்தெட்டு வயசுல படிக்க வந்தவங்களுக்குக் கார்டியன் எதுக்கு வள்ளிக்கண்ணு? அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டிருந்தா போதுமே. நேரமாச்சு, நீங்க கிளாஸுக்குப் போங்க."

அம்மா வெளிய போனதும் எனக்கு நாற்காலியைக் காட்டினாங்க. "உட்காருங்க கார்டியன். உங்கம்மா தையல் பிராக்டிகல்ல சின்னப் பிள்ளைங்க எல்லாருக்கும் தானே பட்டன் காஜா எடுத்துக் குடுத்துடுறாங்க, அதுங்க ஒண்ணும் கத்துக்க மாட்டேங்குதுங்க. வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க."