கீழத்தெரு வால்வு

சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் போனை எடுத்துப் பேசத் தொடங்கினார்.

பேச்சில்லை, கூப்பாடு. எங்கோ டைல்ஸ் லோடு வந்து இறங்கியிருக்கிறது. உடைந்ததைத் தனியே எடுத்து வைக்க வேண்டுமாம். விமானம் முழுக்கக் கேட்டது.

அவளுக்குத் திக்கென்றது. யாராவது ஓடி வந்து போனைப் பிடுங்கப் போகிறார்கள்.

பணிப்பெண் வந்தாள். பிடுங்கவில்லை. சிரித்தாள்.

"இந்த ஃப்ளைட்ல பேசலாம் மேடம். உங்க போன்லயும் கனெக்‌ஷன் குடுக்கட்டுமா?"

அவள் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். மதுரை விமான நிலைய வாசலிலேயே கணவர் அணைத்துக் கொடுத்தது.

"பிளேன்ல போன் பேசக் கூடாது. டெல்லியில எறங்குத வரைக்கும் இதத் தொடாத."

தங்கமான அக்கறை.

அது ஊராட்சித் தலைவரின் போன். மூன்று வருடமாகக் கணவரின் சட்டைப்பையில்தான் இருந்தது. தேர்தலில் ஜெயித்தது அவள். போனும் பேச்சும் நாற்காலியும் அவருக்கு. கையெழுத்து மட்டும் அவள் போட வேண்டும், சோறு வடிப்பதற்கும் துணி அலசுவதற்கும் நடுவே. ஊரில் பிரசிடெண்ட் என்றால் அவர்தான். அவள் பிரசிடெண்ட் பொஞ்சாதி.

டெல்லி சுதந்திர தின விழா அழைப்பில் மட்டும் அவள் பெயர் ஒன்றுதான் இருந்தது. உள்ளே விடுவதற்கான ரகசிய எண்ணும் இந்த போனுக்குத்தான் வரும் என்றார்கள். வேறு வழியில்லாமல் போன் அவள் கைக்கு வந்தது.

மணி பத்து ஐம்பது.

பதினொன்றுக்கு ஊரில் புதுத் தண்ணீர்த் தொட்டியைத் திறக்கிறார்கள்.

முதல் தண்ணீர் கீழத்தெருவுக்கு. இத்தனை நாளில் அவளாக வாய் திறந்து சொல்லி எழுதவைத்த தீர்மானம் அது ஒன்றுதான். பழைய தொட்டியில் மேலத்தெரு பிடித்து முடித்த பிறகு கீழத்தெருக் குழாயில் காற்றுதான் வரும். புதுத் தொட்டியிலும் முதல் நாள் வைக்கிற முறைதான் வழக்கமாக நின்றுவிடும். அவருக்கும் அது தெரியும். அவர்கள் வீடு மேலத்தெருவில் இருக்கிறது.

தீர்மானத்தை அவர் எதிர்க்கவே இல்லை. தலையைத் தலையை ஆட்டினார்.

திறக்கும் நாளை மட்டும் அவர் குறித்தார்.

அந்த நாளில் அவள் வானத்தில் இருக்கிறாள்.

இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"குடும்மா" என்று போனை நீட்டினாள்.

இணைப்பு வந்தது. தொட்டி ஆபரேட்டர் லிங்கத்தின் பெயரைத் தேடி அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

பழக்க தோஷம். அந்த எண்ணை ஊரில் எல்லோரும் அவர் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தார்கள். அடுத்த நொடி அவனே குழம்பிப்போனான்.

"அண்ணாச்சி இங்கனல்லா நிக்காக. இது யாரு?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பிரசிடெண்டு பேசுதேன்."

அவள் வாய் அதற்கு முன்பு அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. எஞ்சின் இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. முன்னால் நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தாள்.

இல்லை. பெருமையாக இருந்தது. நெஞ்சு கொள்ளாத பெருமை.

லிங்கம் குரலைத் தணித்தான். "மதினி, மேலத்தெரு வால்வ மொதல்ல தொறக்கச் சொல்லுதாக."

அங்கே போன் கை மாறியது.

"ஏட்டி, நீ பிளேன்லல்லா இருக்க?" அவர் குரல்.

"ஆமா."

"இங்க நான் பாத்துக்கிடுதேன். வை."

வை என்றால் வைத்துவிடுவாள். அடுப்படியில், ஆபீஸில், தாசில்தார் முன்னால், எங்கேயும் அப்படித்தான்.

ஜன்னலுக்குக் கீழே மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் போய் நின்றது.

விரலை எடுத்தாள்.

"தீர்மானப் புஸ்தகத்துல இருக்கது என் கையெழுத்து. போன லிங்கத்துட்ட குடுங்க."

ஊர்க்காற்று மட்டும் போனில் இரைந்தது. பக்கத்து சீட்டுக்காரர் டைல்ஸை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. காத்திருந்தாள்.

போன் கை மாறியது.

"மதினி."

"கீழத்தெரு வால்வு, லிங்கம். முழுசாத் தொற. கட் பண்ணிராத, எனக்குக் கேக்கணும்."

இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டது. ஒரு சுற்று. நின்றது. மறுபடி சுற்றியது. வால்வுக்குப் பக்கத்திலேயே இருந்த கீழத்தெரு முனைக் குழாய் முதலில் இருமியது. இரண்டு முறை காற்றைத் துப்பியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு காலிக் குடத்தில் தண்ணீர் விழுந்தது.

பெண்கள் சிரித்தார்கள். யாரோ யாரையோ தள்ளிப் போகச் சொன்னார்கள். ஒரு குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. கீழத்தெரு செல்லக்கனி.

"ஏ லிங்கம், அண்ணாச்சியா தொறக்கச் சொன்னாக?"

அவர் இன்னும் அங்கேதான் நிற்பார்.

"இல்லக்கா" என்றான். "பிரசிடெண்டு."